பருப்பொருள் அலைகளைக் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது: நான்கு வழிகளின் ஒப்பீடு

பருப்பொருள் துகள்களின் அலைப் பண்பைக் கற்பிக்க ஆசிரியருக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளுக்கு மேல் கிடைப்பதில்லை. அந்த நேரத்துக்குள் எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது, எதை அறவே விட்டுவிடுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். நடைமுறையில் நான்கு தொடக்கங்கள் உள்ளன. பருப்பொருள் துகளுக்கும் அலைநீளம் உண்டு என்ற, பிரெஞ்சு இயற்பியலாளர் டி ப்ராயின் கருதுகோளிலிருந்து சூத்திரத்தின் வழியே செல்வது ஒன்று. எலக்ட்ரான் விளிம்பு விளைவுக் குழாயை (விளிம்பு விளைவு என்பது நுண்ணிய இடைவெளிகளைக் கடக்கும் அலை வளைந்து பரவுவது) வகுப்பிலேயே இயக்கி அளப்பது மற்றொன்று. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பும் சோதனையைக் காணொளியாகவோ சிமுலேஷனாகவோ காட்டுவது மூன்றாவது. ஒரு சிறிய இடத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் நிலை அலைகளில் தொடங்குவது நான்காவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல், பாடம் முடிந்தபின் மாணவரின் மனத்தில் எந்தப் படம் தங்குகிறது என்பதே. இந்தப் பாடத்தில் இரண்டு தவறான படங்கள் மிக எளிதாக வேரூன்றுகின்றன. எலக்ட்ரான் நெளிந்து நெளிந்து பயணம் செய்கிறது, அந்த நெளிவின் நீளமே அலைநீளம் என்பது முதலாவது. எலக்ட்ரானின் உடலே மேகம்போல் கரைந்து வெளியில் பரவிவிடுகிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டும் வராமல் காப்பதோடு, அலைநீளம் என்பது யாரோ அறிவித்த எண் அன்று, அளந்து பெறக்கூடிய அளவு என்ற உணர்வையும் ஒரு பாடம் தர வேண்டும். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை காணும் திறன் நான்கு வழிகளிலும் வந்துவிடும் என்பதால், அதை வைத்து இவற்றைத் தரம்பிரிக்க முடியாது.

முதல் வழிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, நேரமும் குறைவு; பெரும்பாலான பாடநூல்கள் அதையே பின்பற்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 1923-இல் டி ப்ராய் முன்வைத்து 1924-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்தெழுதிய கருதுகோள், பிளாங்க் மாறிலியைத் துகளின் உந்தத்தால் வகுத்தால் அதன் அலைநீளம் கிடைக்கும் என்கிறது. இதைக் கருதுகோள் என்றே சொல்லி நிறுத்தினால் குறையொன்றுமில்லை. ஆனால் வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பது வேறு. ஃபோட்டானின் ஆற்றலுக்கான இரண்டு கோவைகளைச் சமன்செய்து, அதன் அலைநீளத்துக்கு ஒரு கோவையைப் பெற்று, அதில் ஒளியின் திசைவேகம் இருந்த இடத்தில் துகளின் திசைவேகத்தை எழுதிவிட்டு, சூத்திரம் வருவிக்கப்பட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இடமாற்றத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. பருப்பொருள் அலையின் அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் துகளின் திசைவேகம் வருவதில்லை. சார்பியல்படி, ஒளியின் திசைவேகத்தின் இருமடியைத் துகளின் திசைவேகத்தால் வகுத்த மதிப்பு வருகிறது, அது ஒளியின் திசைவேகத்தைவிடப் பெரியது. துகளோடு சேர்ந்து நகர்வது தனி அலையின் கட்டம் அன்று, பல அலைகள் சேர்ந்து உருவாகும் அலைத்தொகுப்பு. டி ப்ராய் வந்த பாதையும் வேறு: துகளுக்குள் நிகழ்வதாக அவர் கருதிய அலைவும் அதனுடன் செல்லும் அலையும் எப்போதும் ஒத்த கட்டத்தில் இருக்க வேண்டும் என்ற சார்பியல் நிபந்தனையிலிருந்தே அவர் அந்த உறவைப் பெற்றார். அதை முழுமையாக நடத்த நேரமில்லாத ஆசிரியர், போலியான வருவிப்பு ஒன்றை அதன் இடத்தில் வைப்பதைவிட, ஊகம் என்று சொல்லிச் சான்றுக்குச் செல்வது நேர்மையானது.

இதே வழியில் அடுத்து வருவது, இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அணு மாதிரியில் எலக்ட்ரான் சுற்றும் வட்டப்பாதை. வட்டத்தின் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையிலான அலைநீளங்கள் பொருந்த வேண்டும் என்றவுடன், போர் காரணம் சொல்லாமல் விதித்த கோண உந்த நிபந்தனை தானே வந்து நிற்கிறது. மாணவர்கள் இதை விரும்புகிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் கரும்பலகையில் வட்டத்தைச் சுற்றி வரையப்படும் அந்த நெளிகோடுதான், மேலே சொன்ன முதல் தவறான படத்தின் பிறப்பிடம். மேலும், ஹைட்ரஜனின் அடிநிலையில் எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழி என்று குவாண்டம் இயந்திரவியல் காட்டுகிறது. போர் மாதிரியோ அதற்குச் சுழியல்லாத மதிப்பைத் தருகிறது. ஓராண்டுக்குள் அழித்து எழுத வேண்டிய படத்தை இவ்வளவு அழுத்தமாக வரைய வேண்டுமா என்பது என் ஐயம்.

இந்த வழியின் இன்னொரு வழக்கமான பயிற்சி, எறியப்பட்ட பந்தின் அலைநீளத்தைக் கணக்கிடுவது. 150 கிராம் நிறையுள்ள பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சென்றால் விடை சுமார் 2.2 × 10⁻³⁴ மீட்டர். கணக்கு சரிதான்; ஆனால் சிறியவற்றுக்கு அலைப் பண்பு உண்டு, பெரியவற்றுக்கு இல்லை என்ற பொதுமுடிவோடு மாணவர் எழுந்துபோய்விடுகிறார். 1999-இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளை, 100 நானோமீட்டர் இடைவெளியுள்ள கீற்றணி (நெருக்கமான இணைப் பிளவுகளின் வரிசை) வழியாகச் செலுத்தி விளிம்பு விளைவைக் கண்டார்கள். அந்த மூலக்கூறின் நிறை 720 அணு நிறை அலகு, அதன் டி ப்ராய் அலைநீளம் ஏறத்தாழ 2.5 பிக்கோமீட்டர், அதாவது மூலக்கூறின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு. 2019-இல் 25,000 அணு நிறை அலகைத் தாண்டிய மூலக்கூறுகளிலும் குறுக்கீட்டு விளைவு (அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பதும் நலிவதும்) பதிவாகியது. பந்துக் கணக்கைக் கொடுப்பவர் அடுத்த வரியிலேயே ஃபுல்லரீன் கணக்கையும் கொடுத்தால்தான், எல்லைக்கோடு பருமனில் இல்லை, ஒத்த கட்டத்தைக் குலையாமல் காப்பதிலும் போதிய நுண்மையான கீற்றணியை அமைப்பதிலும் உள்ள சிக்கலில் இருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாவது வழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நான்கில் இது ஒன்றே மாணவர் கையில் அளவுகோலைக் கொடுக்கிறது. கற்பித்தலுக்கான எலக்ட்ரான் விளிம்பு விளைவுக் குழாயில், சூடான எதிர்மின்வாயிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்டு, மெல்லிய கிராஃபைட் படலத்தின் ஊடே சென்று, ஒளிரும் திரையில் விழுகின்றன. நடுவில் ஒரு பிரகாசமான புள்ளியும் அதைச் சுற்றி இரண்டு வளையங்களும் தெரியும். கிராஃபைட்டில் 0.213 நானோமீட்டர், 0.123 நானோமீட்டர் ஆகிய இரு தள இடைவெளிகளே இவ்விரு வளையங்களுக்கும் காரணம். 4000 வோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.0194 நானோமீட்டர், படலத்திலிருந்து திரை 13.5 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், உள்வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டராகவும் வெளிவளையத்தின் விட்டம் ஏறத்தாழ 4.3 சென்டிமீட்டராகவும் வரும். வெறும் கண்ணால் பார்த்து, சாதாரண அளவுகோலால் அளந்துவிடக்கூடிய நீளங்கள் இவை.

இந்தச் சோதனையில் இரண்டு தருணங்கள் பாடத்தையே தாங்குகின்றன. மின்னழுத்தத்தை உயர்த்தும்போது வளையங்கள் சுருங்குவது முதலாவது: உந்தம் கூடும்போது அலைநீளம் குறைகிறது என்ற கூற்று கண்முன் நிகழ்கிறது. குழாயின் அருகே காந்தத்தைக் கொண்டுசெல்வது இரண்டாவது. அப்போது வளையங்கள் மொத்தமாக ஒரு பக்கம் நகர்கின்றன. ஒளியோ எக்ஸ் கதிரோ இந்த வளையங்களை உண்டாக்கியிருந்தால் காந்தத்துக்கு அவை அசைந்திருக்காது. ஆகவே, மின்னூட்டம் தாங்கிச் செல்வதும் விளிம்பு விளைவுக்கு உட்படுவதும் ஒன்றே என்று மாணவர் தாமே முடிவுசெய்ய முடிகிறது. பல வகுப்புகளில் காந்தத்தை ஒரு வேடிக்கையாகக் கடைசியில் காட்டுகிறார்கள். அது முதலில், ஒரு கேள்வியாக வர வேண்டும் என்பேன்: காந்தத்தை அருகே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைத்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

வளையம் ஏன், புள்ளிகள் ஏன் இல்லை என்ற கேள்வி கட்டாயம் எழும். படலத்தில் உள்ள எண்ணற்ற நுண்படிகங்கள் தறிகெட்ட திசைகளில் கிடப்பதே காரணம். இதை வாயால் விளக்குவதைவிட, லேசர் ஒளியை நுண்ணிய கம்பிவலை வழியாகச் சுவரில் விழச் செய்து, வலையை அதன் தளத்திலேயே சுழற்றிக் காட்டுவது நல்லது. புள்ளிகள் வளையங்களாக மாறுவது அப்போது தெரியும். வலையின் கண் சிறுத்தால் வளையம் பெருக்கும். 532 நானோமீட்டர் பச்சை லேசருக்குப் பதில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை வைத்தாலும் பெருக்கும். இந்த ஒளி ஒப்புமை குழாய்க்கு முன்னே வர வேண்டுமே தவிர, குழாய்க்கு மாற்றாக வரக் கூடாது. அதில் பருப்பொருள் எங்கும் இல்லை.

குழாயின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அது விலை கூடிய கருவி; மின்னோட்டம் அளவு மீறினால் கிராஃபைட் படலம் எரிந்துவிடும்; உயர் மின்னழுத்த இணைப்புகளை மாணவர்கள் தொடக் கூடாது; அறையும் நன்கு இருட்டாக இருக்க வேண்டும். வளையத்தின் தடிமனே சுமார் இரண்டு மில்லிமீட்டர் இருக்குமானால், உள்வளையத்தின் அளவீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடுமாற்றம் வரும். 2500 முதல் 5000 வோல்ட் வரையிலான மாற்றம் உந்தத்தை 1.41 மடங்கு மட்டுமே கூட்டுகிறது என்பது இன்னும் முக்கியமானது. அவ்வளவு குறுகிய வரம்பில் பெற்ற புள்ளிகள் வேறு பல உறவுகளுக்கும் பொருந்திப்போகக்கூடும்.

இக்குறைக்கு மருந்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின்மீது 54 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களைச் செலுத்தியபோது, 50 டிகிரி கோணத்தில் தெளிவான பெருமம் கிடைத்தது. பரப்பில் அணு வரிசைகளின் இடைவெளி 0.215 நானோமீட்டர், அதை 50 டிகிரியின் சைன் மதிப்பால் பெருக்கினால் 0.165 நானோமீட்டர் வருகிறது, டி ப்ராய் சூத்திரமோ 0.167 என்கிறது. (சில நூல்கள் 65 டிகிரி, 0.091 நானோமீட்டர் என்ற எண்களைத் தருகின்றன. அது படிகத் தளங்களை வைத்து பிராக் விதிப்படி செய்த கணக்கு, விடை அதே 0.165. இதை முன்பே சொல்லாவிட்டால் இரு நூல்களை ஒப்பிடும் மாணவர் குழம்புவார்.) 54 வோல்ட்டுக்கான இந்தப் புள்ளியை வகுப்பில் பெற்ற புள்ளிகளோடு ஒரே வரைபடத்தில் சேர்த்தால் உந்தத்தின் வரம்பு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நியூட்ரானையும் அதில் சேர்ப்பது மிகுந்த பயன் தரும். 0.025 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானின் அலைநீளம் சுமார் 0.18 நானோமீட்டர், சுமார் 46 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானுக்கும் அதே அலைநீளம்தான். ஆற்றலில் அவ்வளவு வேறுபாடு இருந்தும் உந்தம் ஒன்றாக இருப்பதால் இருவேறு துகள்கள் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மின்னூட்டத்துக்கு இதில் பங்கில்லை என்பதும் அப்போது புலனாகும். ஸ்டெர்னும் எஸ்டர்மனும் 1930-இல் ஹீலியம் அணுக்களிலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளிலும் இதே விளைவைக் காட்டியதை ஒரு வரியில் சொன்னால் போதும். குழாய் இல்லாத இடங்களில் இந்த வரைபடமே பாடத்தின் மையமாக நிற்கத் தகுந்தது.

ஆயினும் குழாயால் தீராத கேள்வி ஒன்று உண்டு. 0.1 மில்லியாம்பியர் மின்னோட்டம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6 × 10¹⁴ எலக்ட்ரான்கள். இவ்வளவு கூட்டத்தில் அவை ஒன்றோடொன்று மோதித் தள்ளிக்கொண்டு வளையமாக விழுகின்றனவோ என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்க வேண்டும். தொடர்ச்சியாகத் தெரியும் வளையம், ஒவ்வொரு எலக்ட்ரானும் வளையமாகப் பரவிவிட்டது என்ற இரண்டாவது தவறான படத்துக்கும் இடம் கொடுக்கிறது.

இதற்கு விடை மூன்றாவது வழியில் கிடைக்கிறது. 1970-களில் இத்தாலியில் மெர்லி, மிசிரோலி, போட்ஸி ஆகியோரும், 1989-இல் ஜப்பானில் டோனோமுராவின் குழுவினரும், எலக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதையும், அப்புள்ளிகள் சேரச் சேரக் குறுக்கீட்டுப் பட்டைகள் உருவாவதையும் பதிவுசெய்தார்கள். டோனோமுராவின் சோதனையில் எலக்ட்ரான்கள் 50,000 வோல்ட்டால் முடுக்கப்பட்டு, ஒளியின் வேகத்தில் சுமார் 0.4 பங்கு வேகத்தில் சென்றன. நொடிக்கு ஆயிரம் என்று கொண்டாலும், அடுத்தடுத்த இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையே சராசரியாக 120 கிலோமீட்டர் இடைவெளி வருகிறது. கருவியோ ஒரு அறைக்குள் அடங்குவது. கூட்ட நெரிசல் என்ற விளக்கம் இந்த ஒரு கணக்கோடு முடிந்துபோகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் முழுமையாக ஒரே புள்ளியில் வந்து சேர்கிறது; எங்கே வந்து சேர வாய்ப்பு அதிகம் என்பதை அலை தீர்மானிக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் மாணவர் தம் சொற்களில் சொல்ல முடிந்தால், இருவகைத் தவறான படங்களும் நிலைக்க முடியாது.

இச்சோதனைகளில் உண்மையில் இரட்டைப் பிளவுகள் இல்லை, நடுவே மின்னூட்டமுள்ள மெல்லிய இழையொன்று எலக்ட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. உண்மையான பிளவுகளின் வழியே எலக்ட்ரான் குறுக்கீட்டை 1961-இல் காட்டியவர் ஜெர்மனியின் யோன்சன். அதை ஏன் வகுப்பில் செய்ய முடியாது என்பதே நல்ல பயிற்சிக் கணக்காகும்: 50,000 வோல்ட்டில் அலைநீளம் 0.0054 நானோமீட்டர், பிளவுகளின் இடைவெளி ஒரு மைக்ரோமீட்டர் என்றால், ஒரு மீட்டர் தொலைவில் பட்டைகளின் இடைவெளி சுமார் 5 மைக்ரோமீட்டர் மட்டுமே.

சிமுலேஷன்களைப் பொறுத்தவரை என் மதிப்பீடு சற்றுக் கடுமையானது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தொகுப்பில் உள்ள எலக்ட்ரான் விளிம்பு விளைவு, குவாண்டம் குறுக்கீடு ஆகிய சிமுலேஷன்கள் கவனமாகச் செய்யப்பட்டவை. வேகத்தையும் பிளவின் அகலத்தையும் மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்க அவற்றைவிட எளிய வழியில்லை. ஆனால் சிமுலேஷன் எதற்கும் சான்றாகாது. நிரலில் எழுதப்பட்ட விதியைத்தான் அது திருப்பிக் காட்டுகிறது. எலக்ட்ரான் அப்படி நடக்கிறதா என்று ஐயுறும் மாணவருக்கு அதில் விடை இல்லை. திரையில் வண்ணத் திட்டாக நகரும் அலைச்சார்பு (எலக்ட்ரானின் அலையைக் குறிக்கும் கணிதச் சார்பு), எலக்ட்ரானின் உடல்போலவே தோற்றமளிக்கிறது என்ற ஆபத்தும் இருக்கிறது. எனவே உண்மைச் சோதனையின் பதிவைப் பார்த்த பிறகு, வீட்டுப் பயிற்சியாக அதைக் கொடுக்கலாம்.

நான்காவது வழி, அடைபட்ட எலக்ட்ரான், வேதியியல் பின்னணி உள்ள வகுப்புகளுக்கு ஏற்றது. இரு முனைகளிலும் கட்டப்பட்ட கம்பியில் சில அதிர்வுகள் மட்டுமே நிலைப்பதுபோல, ஒரு நானோமீட்டர் நீளப் பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்கும் சில அலைநீளங்களே பொருந்தும். மிகக் குறைந்த ஆற்றல் சுமார் 0.38 எலக்ட்ரான் வோல்ட். பெட்டி சுருங்கினால் ஆற்றல் இடைவெளிகள் விரியும் என்பதிலிருந்து, ஒரே சேர்மத்தாலான குவாண்டம் புள்ளிகள் (சில நானோமீட்டர் அளவுள்ள நுண்படிகங்கள்) சிறியவையாக இருக்கும்போது நீலத்தையும் பெரியவையாக இருக்கும்போது சிவப்பையும் உமிழ்வதை விளக்கலாம். 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அத்துறைக்கே வழங்கப்பட்டது. ஆற்றல் ஏன் துண்டுதுண்டாக அமைகிறது என்ற கேள்விக்குப் போர் வட்டத்தைவிட இது தூய்மையான விடை. ஆனால் எலக்ட்ரானுக்கு அலைநீளம் உண்டு என்பதை இது முன்னரே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. ஆகவே தொடக்கமாக அன்றி, தொடர்ச்சியாகவே இதை வைக்கலாம்.

என் தேர்வு இவ்வாறு அமைகிறது. மூன்று பாடவேளைகள் இருந்தால், முதலாவதில் லேசர் ஒப்புமையும் குழாயும் காந்தமும் அளவீடும். இரண்டாவதில் நிக்கல், நியூட்ரான் புள்ளிகளோடு சேர்ந்த வரைபடமும், அதிலிருந்து பெறப்படும் டி ப்ராய் உறவும், தனித்தனி எலக்ட்ரான்களின் காணொளியும். மூன்றாவதில் அடைபட்ட எலக்ட்ரான். சூத்திரம் இங்கே நடுவில் வருகிறது, அளந்த எண்களுக்குப் பெயர் சூட்டுவதுபோல். குழாய் இல்லையென்றால் முதல் பாடவேளையில் லேசர் ஒப்புமைக்குப் பின் டேவிசன், ஜெர்மர் ஆகியோரின் எண்களை மாணவர்களிடமே கொடுத்து அலைநீளத்தைக் கணக்கிடச் சொல்லலாம். ஒரே ஒரு பாடவேளைதான் என்றால், அந்தக் கணக்கையும் காணொளியையும் வைத்துக்கொண்டு, போர் வட்டத்தையும் பெட்டியையும் தயங்காமல் விட்டுவிடுவேன். தந்தை ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைத் துகளாகக் காட்டினார், மகன் ஜி. பி. தாம்சன் அலையாகக் காட்டினார் என்ற சுவையான செய்தியையும் சேர்த்தே விட்டுவிடலாம்; எலக்ட்ரான் ஒருநாள் துகளாகவும் மறுநாள் அலையாகவும் வேடம் மாற்றுகிறது என்ற எண்ணத்தையே அது பெரும்பாலும் விதைக்கிறது.

தேர்ந்த வழி பலித்ததா என்று பார்க்க, சூத்திரம் தேவைப்படாத ஒரு கேள்வி போதும்: குறுக்கீட்டுச் சோதனையில் ஒரே ஒரு எலக்ட்ரானை மட்டும் அனுப்பினால் திரையில் என்ன தெரியும், பத்தாயிரம் எலக்ட்ரான்களைத் தனித்தனியே அனுப்பினால் என்ன தெரியும், இரண்டையும் வரைந்து காட்டுக. முதல் படத்தில் மங்கலான பட்டைகளை வரைபவருக்குக் காணொளியை மீண்டும் மெதுவாகக் காட்ட வேண்டும். திரைக்குப் போகும் வழியில் நெளிகோடு வரைபவரை அளவீட்டு வரைபடத்துக்கு அழைத்துச் சென்று, அதில் அலைநீளம் எந்த இரண்டு அளவுகளிலிருந்து கிடைத்தது என்று கேட்க வேண்டும்.